"வருடத்துக்கு எட்டு வரி" என்று இனி எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளில் வாசிப்புப் பழக்கம் எப்படி இருக்கிறது என்று உங்கள் பத்திரிகையில் சமீபத்தில் ஒரு கட்டுரை வந்தது. மற்ற நாடுகளுக்கெல்லாம் ஒரு பத்தி, இரண்டு பத்தி ஒதுக்கியவர் தாய்லாந்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். தாய்லாந்துக்காரர் ஒருவர் சராசரியாக வருடத்துக்கு எட்டு வரிதான் வாசிக்கிறாராம். பாங்காக்கில் பல வருடமாகக் குடியிருந்து வேலை பார்க்கிறவன் நான், இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க மனசு வரவில்லை.

அந்த எட்டு வரிக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். டாக்ஸி ஓட்டுகிறவர் சொல்வார், பள்ளிக்கூட ஆசிரியர் சொல்வார், மேடையில் ஏறுகிற அதிகாரியும் தலையை ஆட்டிக்கொண்டே சொல்வார். சிலர் ஏழு வரி என்பார்கள். யார் கணக்கெடுத்தது, எந்த வருடம், யாரைக் கேட்டார்கள் என்று விசாரித்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் இந்த நாட்டில் நிஜமாகவே கணக்கெடுக்கிற ஓர் அமைப்பு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் சில வருடங்களுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் வாசிப்பு பற்றிக் கேட்கிறது. 2008-இல் அவர்கள் சொன்னது, வாசிக்கிறவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 39 நிமிடம் வாசிக்கிறார்கள் என்று. 2015-இல் அது 66 நிமிடம், 2018-இல் 80 நிமிடம் ஆனது. அந்த 2018 கணக்கில் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 78.8 சதவீதம் பேர் வாசிப்பதாகப் பதில் சொல்லியிருந்தார்கள். 39 நிமிடத்தையே எடுத்துக்கொள்வோமே, எட்டு வரியை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டும் ஒரே நாட்டில் ஒரே மக்களைப் பற்றி எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இந்த 80 நிமிடத்தை வைத்துக்கொண்டு ஆஹா என்று கொண்டாடவும் நான் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 கணக்கெடுப்பில் வாசிப்பு என்பதற்கான வரையறையையே விரித்துவிட்டார்கள். சமூக ஊடகத்தில் வாசிப்பது, மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாம் உள்ளே வந்துவிட்டது. எண் குதித்ததற்கு அது ஒரு பெரிய காரணம். இருந்தாலும், கைபேசியில் வாசிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு "இவர்கள் வாசிப்பதில்லை" என்று சொல்வதும், அதை அப்படியே புத்தகக் கணக்கில் சேர்த்துவிட்டு "பார், எவ்வளவு வாசிக்கிறார்கள்" என்று சொல்வதும், இரண்டுமே மக்கள் நிஜமாக என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமல் பேசுவதுதான்.

சரி, நிஜமாக என்ன செய்கிறார்கள்? தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே ஒருவர் இறந்தால், தகனத்துக்கு வருகிறவர்களுக்கு அந்தக் குடும்பத்தார் ஒரு புத்தகம் கொடுக்கிற வழக்கம் உண்டு. அதற்கென்றே அச்சடித்த புத்தகம். சுலாலங்கோர்ன் மன்னரின் அரசி சுனந்தா 1880-இல் படகு கவிழ்ந்து இறந்துபோனார், அவருடைய தகனத்துக்காக அச்சிட்டதுதான் இந்த வகையில் முதல் நூல் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்புறம் அரச குடும்பத்திலிருந்து அதிகாரிகள், வியாபாரிகள், நடுத்தரக் குடும்பங்கள் என்று வழக்கம் பரவியது. இறந்தவரைப் பற்றி நாலு பக்கம் இருக்கும், அதன் பிறகு வாசிக்கிறவருக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது ஒரு நூல் இருக்கும். தம்ரோங் இளவரசர் பாங்காக்கின் வஜிரஞான நூலகத்தைக் கவனித்துக்கொண்ட காலத்தில், வீட்டில் சாவு விழுந்த குடும்பத்தார் நூலகத்துக்குப் போய் அச்சிடுவதற்கு ஒரு நூல் கேட்பார்களாம். நூலகம் தன்னிடம் சுவடியாகக் கிடக்கிற பழைய நூல் ஒன்றைத் தேர்ந்து, சரிபார்த்துக் கொடுக்கும். குடும்பத்துக்குப் புண்ணியம், நூலுக்கு அச்சு வடிவம். இந்த நாட்டின் பழைய வரலாற்றுக் குறிப்புகளைத் தொகுத்த பெரிய வரிசை ஒன்று பகுதி பகுதியாக இப்படித்தான் வெளியானது, தகனத்துக்குத் தகனம்.

என்னோடு வேலை பார்ப்பவருடைய அம்மா காலமானபோது எனக்கும் அப்படி ஒரு புத்தகம் கிடைத்தது. அட்டையில் அந்த அம்மாவின் படம். உள்ளே பிறந்த ஊர், படித்த பள்ளி, வேலை பார்த்த வருடங்கள், பேரப்பிள்ளைகள் எழுதிய சிறுசிறு குறிப்புகள். ஒரு பேத்தி, பாட்டி தன்னை ஒரு நாளும் பள்ளிக்குத் தாமதமாக அனுப்பியதில்லை என்று மட்டும் எழுதியிருந்தாள். மீதிப் பாதி முழுக்க அந்த அம்மாவின் சமையல். இறால் விழுதை வாழையிலையில் பொதிந்து தணலில் வாட்டிய பிறகுதான் மிளகாய்ச் சாந்தில் சேர்க்க வேண்டும், உரலில் எதை முதலில் இடிக்க வேண்டும், எதைக் கடைசியில் போட வேண்டும் என்று அவர் சொன்னதைச் சொன்னபடியே மகள் எழுதி வைத்திருக்கிறார். தகனம் முடிந்து அலுவலக வேனில் திரும்பும்போது வழியெல்லாம் அந்தப் பக்கங்களைப் பற்றித்தான் பேச்சு, தன் அம்மா வேறு மாதிரிச் செய்வார் என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இப்படிக் குடும்பங்கள் எழுதி வைத்த சமையல் குறிப்புகளைத் தேடி இன்று பெரிய சமையல் கலைஞர்களே பழைய தகனப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். வாட் பவோன்னிவேட் விகாரையில் இந்தப் புத்தகங்களுக்கென்றே பெரிய சேகரிப்பு இருக்கிறது. தம்மசாத் பல்கலைக்கழகம் தன்னிடம் உள்ளவற்றை மின்னாக்கம் செய்து எல்லாரும் படிக்க வைத்திருக்கிறது. சத்துச்சாக் சந்தையின் பழைய புத்தகக் கடைகளில் கட்டுக் கட்டாகப் பார்க்கலாம். வாசிப்பை மதிக்காத மக்களா செத்தவர் நினைவுக்குப் புத்தகம் போடுவார்கள்?

பணக்காரர் பழக்கம் அது என்று சொல்லக்கூடும். அப்படியானால் பாங்காக்கின் சம்பந்தவோங் பக்கம், வாட் கோ விகாரைக்கு எதிரே, 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இருந்த அச்சகத்தைச் சொல்ல வேண்டும். பாட்டுக் கதைகளை மெலிசான புத்தகங்களாக அச்சடித்து ஒரு சலுங், அதாவது கால் பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்), விலைக்கு விற்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சீனத்துப் பழைய நாவலான மூன்று ராஜ்யக் கதையோ அதற்கும் முன்னால், முதலாம் ராமா மன்னர் (1782–1809) காலத்திலேயே, தாய்லாந்து மொழிக்கு வந்துவிட்டது.

அந்தக் கதை ஆசை இன்றைக்கும் எங்கும் போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. வார இதழ்களில் தொடர்கதை படிப்பதுதான் நீண்ட காலமாக இந்த ஊர்ப் பெண்களின் பெரிய வாசிப்பு. அந்தத் தொடர்கள்தான் பிறகு தொலைக்காட்சி நாடகங்களாகும். 1954-இல் தொடங்கிய "சகுன் தாய்" இதழ் 2016-இல் நின்றது. அடுத்த வருடக் கடைசியில் 1968 முதல் வந்துகொண்டிருந்த "க்வான் ருவான்" நின்றது. அந்த இரண்டு மூன்று வருடத்தில் இன்னும் பல இதழ்கள் மூடப்பட்டன. 2019-இல் "தி நேஷன்" ஆங்கில நாளிதழே அச்சை நிறுத்திக்கொண்டது. வாசிப்பே செத்துவிட்டது என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். அதே நேரத்தில் தொடர்கதை கைபேசிக்குள் குடியேறிக்கொண்டிருந்தது. ரீடாரைட், டெக்-டி மாதிரித் தளங்களில் யார் வேண்டுமானாலும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதலாம். முதல் சில அத்தியாயங்கள் இலவசம், அப்புறம் நாணயம் வாங்கிப் போட்டால்தான் அடுத்த அத்தியாயம் திறக்கும். கதை ஓடினால் மெப் தளத்தில் மின்னூலாக வரும், இன்னும் ஓடினால் முன்பதிவு எடுத்து அச்சில் வரும்.

நான் இருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தின் இரவுக் காவலர் ஈசான் என்கிற வடகிழக்குப் பக்கம், ரோய் எட் மாகாணத்துக்காரர். சீனத்து வாள்வீரர் கதை ஒன்றின் மொழிபெயர்ப்பை கைபேசியில் மாதக்கணக்காக வாசித்துக்கொண்டிருக்கிறார். நூற்றுக்கணக்கான அத்தியாயம் தாண்டிவிட்டது. அத்தியாயத்துக்குச் சில பாட் என்று அவர் கொடுக்கிற காசைக் கூட்டினால் ஒரு நல்ல புத்தக அலமாரியே வாங்கலாம். "அண்ணன் புத்தகம் படிப்பதுண்டா?" என்று கேட்டேன். இல்லை, பள்ளிக்கூடத்தோடு சரி, எனக்கெல்லாம் படிப்பு வராது என்றார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது அந்தப் பதில்தான். ஒரு மனிதன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் விழித்து வாசித்துக்கொண்டே, நான் வாசிக்கிறவன் இல்லை என்று நம்புகிறான். நீ எட்டு வரிக்காரன், எட்டு வரிக்காரன் என்று ஒரு சமூகத்தைப் பார்த்துப் பல வருடம் சொன்னால் வேறு என்ன நடக்கும்?

புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பாங்காக்கில் வருடத்துக்கு இரண்டு பெரிய கண்காட்சிகள், ஒன்று மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இன்னொன்று அக்டோபரில். சிரிகிட் அரசி மாநாட்டு மையத்தை 2019-இல் இடித்துக் கட்ட மூடியபோது கண்காட்சி இடம் மாறி இடம் அலைந்தது, ஒரு வருடம் பாங் சூ ரயில் நிலையத்துக்குள்ளேயே நடத்தினார்கள். 2022-இல் மையம் திறந்ததும் பழையபடி அங்கே வந்துவிட்டது. மெட்ரோவிலிருந்து இறங்கினால் நேராக உள்ளே போகலாம். விமான நிலையத்துக்குப் போகிற மாதிரி சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு பள்ளிச் சீருடையிலேயே பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு ஆண்கள் காதலிக்கிற "ஒய்" நாவல்களின் கடைகளில் கையெழுத்து வாங்க நிற்கிற வரிசை அரங்கைச் சுற்றி வளையும். வாங்கிய கையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 2018-இல் மூன்றாம் சானலில் அயுத்தயா காலத்து நாடகம் ஒன்று ஓடியபோது அதன் மூல நாவல் மறுபடி மறுபடி அச்சானதையும், கூடவே அயுத்தயா வரலாற்று நூல்கள் விற்றதையும் பார்த்தேன். 2020 மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு அரசியல் வரலாறு விற்கிற கடைகளில் இருபது வயதுக்காரர்கள்தான் முண்டியடித்தார்கள்.

ஆக ஆசைக்குக் குறை இல்லை. குறை எங்கே இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன், உங்கள் கட்டுரையாளர் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

முதலில் விலை. ஒரு சாதாரண நாவல் 250, 300, 400 பாட் ஆகிறது. 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச தினக்கூலி மாகாணத்தைப் பொறுத்து 337 முதல் 400 பாட் வரை. ஒரு புத்தகம் ஒரு நாள் கூலி. புத்தகத்துக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை என்பது உண்மைதான், அப்படியும் இதுதான் விலை. காவலர் போன்றவர்கள் அத்தியாயத்துக்குச் சில பாட் என்று சில்லறையாக வாங்குவதற்கும் இதுதான் காரணம்.

அப்புறம் தூரம். சே-எட், நாய்இன், பி-டு-எஸ் என்று பெரிய கடைகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஷாப்பிங் மால்களுக்குள். மால் இல்லாத ஊரில் புத்தகக் கடை என்று பெரும்பாலும் நோட்டுப் புத்தகம், பேனா விற்கிற கடைதான். 2018 கணக்கெடுப்பிலேயே பாங்காக்கில் வாசிக்கிறவர்கள் 92.9 சதவீதம், தெற்கு மாகாணங்களில் 74.3. இந்த இடைவெளிக்கு மக்களின் குணமா காரணம்? வடகிழக்கில் நான் பார்த்த ஒரு மாவட்ட நூலகம் அரசு அலுவலக நேரப்படி மாலை நாலரைக்கு மூடிவிடும். பள்ளிக்கூடம் விடுவது நாலு மணிக்கு. பிள்ளைகள் சைக்கிளை மிதித்து வந்து சேர்வதற்குள் அங்கே இருக்கிற அம்மா விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார், அவர் மேல் தப்பும் இல்லை, அவர் ஒரே ஆள்தான். குழந்தைகள் அலமாரியில் இருந்த புத்தகங்கள் பாதிக்கு மேல் நன்கொடையாக வந்தவை, பெரியவர்கள் வேண்டாம் என்று கழித்தவை.

மூன்றாவது பள்ளிக்கூடம், இதுதான் எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைக்கிறது. பல நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடத்துகிற பிசா தேர்வில் தாய்லாந்தின் வாசிப்பு மதிப்பெண் 2000-இல் 431, 2018-இல் 393, 2022-இல் 379. வளர்ந்த நாடுகளின் சராசரி 476. 2022-இல் தாய்லாந்துப் பிள்ளைகளில் அடிப்படை நிலையை எட்டியவர்கள் 35 சதவீதம் பேர்தான். வாசிக்கிற நேரம் கூடியதாகக் கணக்குச் சொல்கிற அதே காலத்தில் வாசித்துப் புரிந்துகொள்கிற திறன் இறங்கியிருக்கிறது. நீளமான ஒன்றைப் பொறுமையாக வாசித்து, எழுதியவர் சொல்வது சரியா என்று யோசிக்கிற பயிற்சி வகுப்பில் கிடைப்பதில்லை. பாடப் புத்தகத்தைச் சேர்ந்து உரக்கப் படி, கேள்விக்குப் பதிலைக் குறி, அடுத்த பாடத்துக்குப் போ என்பதுதான் பல பள்ளிகளில் நடக்கிறது. 120 பிள்ளைகளுக்கும் குறைவான சிறு பள்ளிகள் நாட்டில் ஏராளம், அங்கே ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார். எழுத்தும் சுலபமான எழுத்து இல்லை. நம் பல்லவர் எழுத்து கம்போடியா வழியாகப் போய் வளர்ந்ததுதான் அது, ஆனால் 44 மெய்யெழுத்து, ஒரே ஒலிக்குப் பல எழுத்து, தொனிக் குறிகள், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடமே விடாமல் எழுதுகிற முறை என்று ஒரு சின்னக் குழந்தைக்கு அது நிறைய உழைப்பு. வீட்டில் யாராவது மடியில் வைத்துப் படித்துக் காட்டியிருந்தால் அந்த உழைப்பு பாதியாகிவிடும், இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்பிலேயே பின்தங்கிவிடும்.

அதிலும் வீட்டு மொழி வேறாக இருக்கிற பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். ஈசானில் லாவோவுக்கு நெருக்கமான பேச்சு, வடக்கு மலைகளில் கரென், மோங் என்று பல மொழிகள், தெற்கே பத்தானி, யாலா, நாரத்திவாட்டில் மலாய். முதல் நாளே புரியாத மொழியில் எழுத்துக் கற்றுக்கொடுத்தால் வாசிப்பு எப்படிப் பிடிக்கும்? மஹிடோல் பல்கலைக்கழகத்தார் தெற்கில் பத்தானி மலாயில் தொடங்கி மெல்ல மெல்லத் தாய்லாந்து மொழிக்குக் கொண்டுபோகிற திட்டம் ஒன்றை நடத்தினார்கள். 2016-இல் யுனெஸ்கோவின் சேஜோங் மன்னர் எழுத்தறிவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசு வாங்கிய முறையை நாடு முழுக்கத் தேவைப்படுகிற பள்ளிகளுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டாமா?

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2009-இல் அமைச்சரவை கூடி வாசிப்பைத் தேசியப் பணியாக அறிவித்தது. சிரிந்தோர்ன் இளவரசியின் பிறந்தநாளான ஏப்ரல் 2 வாசிப்பு நாள் ஆனது, 2009 முதல் 2018 வரை வாசிப்புப் பத்தாண்டு ஆனது. 2013-இல் பாங்காக் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகரம். அந்த வருடத்தையொட்டிப் பேசப்பட்ட நகர நூலகம், ராட்சதம்னோன் சாலையில், ஒருவழியாக 2017 ஏப்ரலில்தான் திறந்தது. உள்ளே போனால் அருமையான இடம், ஆனால் பட்டம் வாங்கிய வருடம் முடிந்து எவ்வளவு காலம் கழித்து வந்தது பாருங்கள். அறிவிப்பு, பதாகை, விழா என்பதில் காட்டிய வேகத்தை ஊர் நூலகங்களில் காட்டவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு யாலாவே சாட்சி. 2005-இல் பாங்காக்கின் சென்ட்ரல்வேர்ல்ட் வளாகத்தில் டிகே பார்க் என்ற நூலகம் வந்தது. "சத்தம் போடாதே" என்கிற பலகை வைக்கிற ரகம் இல்லை அது. இசை, விளையாட்டு, கதை சொல்லல் எல்லாம் உண்டு, பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டுகூடப் படிக்கலாம். அதே மாதிரி ஒன்றை 2007-இல் யாலா நகரத்தில் திறந்தார்கள். குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் அன்றாடச் செய்தியாக இருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஊரில் பெற்றோர் தைரியமாகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போகிற இடமாக அது ஆனது, முக்காடு போட்ட மலாய்ப் பிள்ளையும் பௌத்தப் பிள்ளையும் ஒரே மேசையில். இங்கே யாரும் மக்களைப் பார்த்து "வாசி, வாசி" என்று உபதேசம் செய்யவில்லை, நல்ல இடத்தையும் புதுப் புத்தகத்தையும் கொடுத்தார்கள், வந்துவிட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. புள்ளியியல் அலுவலகத்தின் எண்களை, எந்த வருடத்தில் வரையறை மாறியது என்பதோடு சேர்த்து, ஒரு சின்னத் திருத்தமாகவாவது வெளியிடுங்கள். அடுத்த முறை தாய்லாந்தைப் பற்றி எழுத யாரையாவது அனுப்பினால், பாங்காக்கோடு திரும்பிவிட வேண்டாம், வடகிழக்கே உபோன் அல்லது தெற்கே நாரத்திவாட் பக்கம் ஏதாவது ஒரு மாவட்ட நூலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், புத்தகம் வாங்க வருடத்துக்கு எவ்வளவு பணம் வருகிறது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு உள்ளே நுழைய முடிகிறதா என்று கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
பாங்காக் வாசகர் ஒருவர்,
சீலோம்.